கோவையின் ஜமீன், மில், பெரிய வீட்டுக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூரின் பழைய குடும்பங்கள், மில்கள், நிலங்கள் பற்றிப் பேச்செடுத்தால் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துவிட்டேன். மேலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாது.

கோயமுத்தூருக்கு ஜமீன்தார் யாருங்க?

நகரத்துக்கு என்று ஒரு ஜமீன்தார் கிடையாது. 1799-ல் திப்பு விழுந்ததும் இந்தப் பகுதி கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அப்புறம் இங்கே பெரும்பாலான ஊர்களில் நிலைத்தது ரயத்துவாரி முறை. அரசாங்கம் நடுவில் யாரையும் வைக்காமல் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாகப் பட்டா கொடுத்து அவரிடமே தீர்வை (நிலவரி) வாங்கியது. நூறு ஏக்கர் வைத்திருந்தவரும் மூன்று ஏக்கர் வைத்திருந்தவரும் சட்டத்தின் கண்ணில் பட்டாதாரர்தான்.

நிஜமான ஜமீன்கள் தெற்கே பொள்ளாச்சிப் பக்கம் இருந்தன. ஊத்துக்குளி, சமத்தூர் ஆகியவை அப்படிப்பட்டவை. பழைய பாளையக்காரர் வழியில் வந்தவை அவை. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் முறையே முடிந்தது. ஆகவே சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ ஒரு பழைய பங்களாவைக் காட்டி ‘ஜமீன் வீடு’ என்று யாராவது சொன்னால், பெரிய தோட்டக்காரர் வீடு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அப்போ பட்டக்காரர், மன்றாடியார் எல்லாம்?

அவை கொங்கு நாட்டில் பரம்பரையாக வந்த குலத் தலைமைப் பட்டங்கள். வெள்ளைக்காரன் கொடுத்தவை அல்ல. காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. காங்கேயம் மாட்டினம் இன்று கலப்பில்லாமல் மிஞ்சியிருப்பதில் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் தொழுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ராவ் பகதூர், திவான் பகதூர், சர் ஆகிய மூன்றும் வேறு கதை. ஆங்கில அரசு தந்த விருதுகள். ராவ் பகதூரைவிட திவான் பகதூர் ஒரு படி மேல். நகராட்சியில் இருந்தவர்கள், மில் வைத்தவர்கள், தர்மம் செய்தவர்கள் பலருக்கும் கிடைத்தன. பெயருக்கு முன்னால் ராவ் பகதூர் இருப்பதை வைத்து ஜமீன் என்றோ, சுதந்திரப் போராட்டத்துக்கு எதிரி என்றோ முடிவு கட்ட வேண்டாம்.

காங்கேயம் கோயமுத்தூர் ஜில்லா இல்லையே, ஏன் சேர்க்கறீங்க?

இன்றைக்கு இல்லை, அன்றைக்கு உண்டு. பழைய கோயமுத்தூர் மாவட்டம் மிகப் பெரியது. 1868-ல் நீலகிரி பிரிந்தது, 1979-ல் ஈரோடு (அப்போது பெரியார் மாவட்டம்) போனது, 2009-ல் திருப்பூர் போனது. பழைய ஆவணத்தில் ‘கோயமுத்தூர் ஜில்லா’ என்று பார்த்தவுடன் நகரத்தில் தேடி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். தாலுகா பெயரை முதலில் பாருங்கள்.

முதல் மில் வச்சது யாரு? ஸ்டேன்ஸ் துரையா, நம்மாளா?

இரண்டு பேர் பெயரையும் சொல்ல வேண்டும். 1888-ல் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத்தான் ஊரார் ஸ்டேன்ஸ் மில் என்றார்கள். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861-லேயே இங்கே காபிக் கொட்டை பதனிடும் தொழிலைத் தொடங்கியவர், 1862-ல் பள்ளிக்கூடம் வைத்தவர், நகராட்சியின் முதல் தலைவர். பணமும் தொடர்பும் அவரிடம் இருந்தன.

ஆனால் ‘பருத்தி விளைகிற ஊரில் நூல் ஆலை ஏன் இல்லை’ என்று விடாமல் பேசியும் எழுதியும் ஆள் திரட்டியவர் சேலம் பகடால நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தியவர், அச்சுக்கூடம் வைத்திருந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பயண நூல்கள் எழுதியவர். பெரிய நிலக்காரரும் இல்லை, மில்காரரும் இல்லை. நகரத்தில் நடந்த பல காரியங்களுக்குப் பின்னால் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும். 1892-ல் எழுந்த டவுன்ஹாலும் அதில் ஒன்று. என்னைக் கேட்டால் கோவையில் உரிய அளவுக்கு நினைக்கப்படாத ஆள் என்று அவரைத்தான் சொல்வேன்.

வெவசாயம் பண்ணிட்டு இருந்தவங்களுக்கு மில்லு வைக்க அத்தனை பணம் எங்கிருந்துங்க வந்துச்சு?

நல்ல கேள்வி. கோவை வரலாற்றின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பணம் கிணற்றிலிருந்து வந்தது. இது மழை மறைவுப் பகுதி. மானாவாரி நிலத்தை இங்கே ‘காடு’ என்பார்கள், கிணறு வெட்டிப் பாய்ச்சுகிற நிலம் ‘தோட்டம்’. தோட்டம் வைத்திருந்தவருக்குத்தான் மதிப்பு. பாறையை உடைத்து இறங்கிய அகலக் கிணறு, அதன் விளிம்பில் எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுபட்டுச் சால் (நீர் மொள்ளும் பெரிய வாளி) மேலே வரும், அதன் அடியில் கட்டிய தும்பி என்ற தோல் குழாய் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னாலேயே நடந்து மேலேற, சால் மறுபடி கிணற்றில் இறங்கும். விடியுமுன் தொடங்கி இதையே செய்துகொண்டிருப்பார்கள். அப்படிப் பாய்ச்சிய நிலத்தில் 1900-களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து சேர்ந்தது. நீளமான இழை, நல்ல விளைச்சல், நல்ல விலை.

பருத்தி விற்றவர் அடுத்து அரவை ஆலை, அதாவது விதை பிரிக்கும் ஜின்னிங் வைத்தார். அடுத்து நூல் ஆலை. பாப்பநாயக்கன்பாளையத்து ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் லட்சுமி மில்லைத் தொடங்கினார். பீளமேட்டு பி.எஸ்.ஜி. குடும்பத்தின் ரங்கவிலாஸ் மில் 1922-ல் வந்தது. முழுப் பணமும் ஒரே வீட்டிலிருந்து வந்ததில்லை. உறவுக்காரர்கள் பங்கு எடுத்தார்கள், அக்கம்பக்கத்து விவசாயிகள் மில்லில் டெபாசிட் போட்டார்கள். நிர்வாகம் மட்டும் ‘மேனேஜிங் ஏஜென்சி’ என்ற பெயரில் ஒரு குடும்பத்திடம் இருக்கும். அந்த ஏற்பாட்டை நாடு முழுக்க 1970-ல் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் 1932-ல் பைக்காரா மின்சாரம். மலிவான மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. அதே மின்சாரம் தோட்டத்துக்கும் போனது. கவலை இருந்த இடத்தில் மோட்டார் பம்ப் வந்தது, பம்ப் செய்ய வார்ப்படப் பட்டறைகள் வந்தன. கோவையின் மோட்டார், பம்ப் தொழில் வளர்ந்தது விவசாயிதான் முதல் வாடிக்கையாளர் என்பதால்.

பி.எஸ்.ஜி.ன்னா ஒரே ஆளா?

ஒரே ஆளின் முதலெழுத்துகள், ஆனால் காரியம் செய்தவர்கள் நாலு பேர். பூளைமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு என்பதன் சுருக்கம் அது. பீளமேட்டின் பழைய பெயர் பூளைமேடு. அவருடைய பிள்ளைகள் வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. 1926-ல் சொத்துப் பிரிக்கும்போது நாலு பங்கு போடாமல் ஐந்து பங்கு போட்டார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அதுதான் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறநிலையம்.

கொங்குப் பகுதியில் பெயரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: முதல் எழுத்து ஊராகவோ தாத்தாவாகவோ இருக்கும், அடுத்தது அப்பா. ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்றால் ராமசாமி தாத்தா, கந்தசாமி அப்பா. இது தெரிந்தால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஆர்.எஸ்.புரம்னா ரயில்வே ஸ்டேஷன் புரமா?

இல்லை, இரத்தினசபாபதி புரம். திவான் பகதூர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்தவர். பிளேக் நோய் நகரத்தை அடுத்தடுத்துத் தாக்கிய பின், நெரிசலான பழைய தெருக்களை விட்டு மக்கள் வெளியே குடியேற வேண்டியிருந்தது. அப்படித் திட்டம் போட்டு நேர்க்கோடாக அமைத்த பகுதி இது. அங்குள்ள டி.பி. ரோடும் திவான் பகதூர் ரோடுதான்.

சிறுவாணித் தண்ணி கொண்டு வந்தது அவருதானே?

முடித்து வைத்தவர்களில் முதன்மையானவர் இரத்தினசபாபதி முதலியார். தொடங்கி வைத்தது மேலே சொன்ன நரசிம்மலு நாயுடு. 1889-லேயே மலை ஏறிப் போய், இந்த ஓடையை நகரத்துக்குத் திருப்பலாம் என்று பார்த்து வந்து எழுதினார். குழாயில் தண்ணீர் வர நாற்பது ஆண்டு ஆனது. ஒருவருக்கு மட்டும் மாலை போடுவது சரியாக வராது.

ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ்னு கண்டக்டர் கூவறாரே, காலேஜ் எங்கீங்க?

தடாகம் ரோட்டில். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப் பெயரில், ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945-ல் அந்த பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. பின்னால் அது இடம் மாறி, பெயர் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப் மட்டும் பெயரை விடவில்லை.

ஜி.டி. நாயுடுதானே மோட்டாரைக் கண்டுபிடிச்சாரு?

மின்மோட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் வந்துவிட்டது. 1937-ல் கோவையில் நடந்தது வேறு: வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்த மோட்டாரை இங்கேயே தயாரித்துக் காட்டினார்கள். ஜி.டி. நாயுடுவோடு அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கும் சம பங்கு உண்டு. அவர்தான் பின்னால் டெக்ஸ்டூல் என்ற ஜவுளி எந்திரக் கம்பெனியைத் தொடங்கியவர். அவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்வது வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை.

கலங்கல் கிராமத்து விவசாயி மகனான ஜி.டி. நாயுடு (1893–1974) முதலில் பேர் வாங்கியது பஸ்ஸில். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியதுதான் யு.எம்.எஸ். என்று பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவரைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றுகிற கதைகளில் பாதியை அப்படியே நம்ப வேண்டாம். நம்பத்தக்கதே ஏராளமாக இருக்கிறது.

சுதந்திர இந்தியாவோட முதல் நிதி மந்திரி கோயமுத்தூர்க்காரரா? நிஜமாவா?

நிஜம்தான். ஆர்.கே. சண்முகம் செட்டியார், கோவை வணிகக் குடும்பத்தவர், நீதிக்கட்சிக்காரர். மத்திய சட்டசபையின் தலைவராகவும் பிறகு கொச்சி திவானாகவும் இருந்தவர். காங்கிரஸ்காரராக இல்லாமலே நேருவின் முதல் அமைச்சரவையில் இடம் கிடைத்தது. 1947 நவம்பர் 26-ல் அவர் வைத்த முதல் பட்ஜெட்டில் வரவு 171 கோடி ரூபாய், செலவு 197 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே விலகினார். ஊர் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. தமிழிசைக்கு உழைத்தார், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினார்.

வெரைட்டி ஹால் ரோட்டுல ஹால் எதையும் காணோமே?

இருந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய சினிமாக் கொட்டகை அது. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு சொந்த ஊரில் நிரந்தரக் கொட்டகை போட்டார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. நிலமும் மில்லும் இல்லாமல் தெருவுக்குப் பெயர் வாங்கிய சிலரில் இவரும் ஒருவர்.

எல்லாம் நாயுடு, கவுண்டர், செட்டியாராவே இருக்கே? மத்தவங்க யாரும் இல்லையா?

யாரிடம் நிலமும் கடன் வசதியும் இருந்ததோ அவர்கள் பெயர்தான் பலகையில் ஏறும். கரிசல் மண் தோட்டங்கள் கம்மவார் நாயுடுகளிடமும் கொங்கு வேளாளக் கவுண்டர்களிடமும் அதிகம் இருந்தன. வணிகமும் நெசவுத் தொடர்பும் செட்டியார்களிடம். எனவே கிணறு–பருத்தி–மில் என்று நான் மேலே சொன்ன பாதையில் ஏறுவதற்கு எல்லாருக்கும் படிக்கட்டு இருந்ததில்லை. கவலை ஓட்டியவர்கள், கிணறு வெட்டியவர்கள், பண்ணாடி (நிலக்காரர்) தோட்டத்தில் ஆண்டுக் கூலிக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். அவர்களில் அருந்ததியர் பலர். அந்தத் தோல் சாலையும் தும்பியையும் தைத்தவர்களும் அவர்களே. பட்டாப் பதிவேட்டில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதனால் ஆவணத்தை மட்டும் வைத்து எழுதுகிற ஊர் வரலாறு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தொழிலாளிங்க பக்கத்துல பெரிய ஆளுன்னு யாரையாவது சொல்ல முடியுமா?

என்.ஜி. ராமசாமியைச் சொல்லலாம். மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர், 1937 தேர்தலில் சட்டமன்றம் போனவர், இளம் வயதிலேயே 1943-ல் மறைந்தார்.

சின்னியம்பாளையம் தியாகிகளையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கத்தார் இன்றும் ஜனவரி 8-ல் அஞ்சலி செலுத்துகிறார்கள். பெரும்புள்ளிகள் பட்டியலில் இந்த நாலு பேரும் ஏன் என்று ஒருவர் கேட்டார். ரங்கவிலாஸ் மில்லின் வரலாற்றை இவர்கள் இல்லாமல் எழுத முடியாது, அதுதான் காரணம்.

பொம்பளைங்க பேரு ஒண்ணு கூட இல்லையே?

சொத்து ஆண்வழியில் போனதால் ஆவணங்களில் பெண் பெயர் அரிது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்பது தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. பத்திரத்தில் பெண் பெயர் கிடைத்தால் பெரும்பாலும் கைம்பெண்ணுக்கு ஜீவனாம்சமாக எழுதிய நிலமாகவோ, சீதனமாகவோ, தான பத்திரமாகவோ இருக்கும். அதையும் தேடிப் பாருங்கள். குடும்பக் கதையில் விட்டுப்போன ஒரு கிளை அங்கே தென்படலாம்.

பொது வாழ்வில் என்றால் ராஜம்மாள் தேவதாஸ் (1919–2002). தி.சு. அவினாசிலிங்கம் 1957-ல் தொடங்கிய மனையியல் கல்லூரியைப் பல்கலைக்கழக நிலைக்கு வளர்த்தவர்.

பழைய மில்லெல்லாம் இன்னும் அந்தந்தக் குடும்பத்துக்கிட்டத்தானே இருக்கு?

சில மட்டும். நலிந்துபோன மில்களை மத்திய அரசு 1974-ல் நாட்டுடைமை ஆக்கி தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. ஸ்டேன்ஸ் மில், ரங்கவிலாஸ், முருகன், பங்கஜா, கம்போடியா மில்கள் அப்படிப் போனவை. ஆகவே ‘அந்த மில் நிலம் எங்க குடும்பத்துது, கேட்டா திரும்பக் கிடைக்குமா’ என்பவர்களுக்குப் பதில்: கம்பெனி வாங்கிய நிலம் கம்பெனியுடையது, குடும்பத்துடையது அல்ல. நாட்டுடைமை ஆனபோது அந்த உரிமையும் அரசுக்குப் போய்விட்டது. தனியார் மில்களில் எந்திரம் நின்றபின் வளாகத்தைக் கடைகளாகவும் குடியிருப்பாகவும் மாற்றியது அந்தந்தக் கம்பெனியின் முடிவு.

எங்க தாத்தா காலத்துல ரேஸ்கோர்ஸ்ல பாதி எங்களுதுங்க. எப்படி நிரூபிக்கறது?

இந்த வாக்கியத்தை ஊரின் எல்லாத் திசையிலும் கேட்டாயிற்று. பாதி ரேஸ்கோர்ஸ் வைத்திருந்த தாத்தாக்களைக் கூட்டினால் ரேஸ்கோர்ஸ் போதாது. ஆனாலும் தேடிப் பார்ப்பதில் தப்பில்லை.

முதலில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் வேண்டும். நகரத்தில் நிலம் டவுன் சர்வே எண்ணுக்கு மாறியிருக்கும், பழைய எண்ணோடு பொருத்திக் காட்டும் பதிவேடு இருக்கிறது. அதை வைத்து ‘அ’ பதிவேடு, சிட்டா, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு ஆகியவற்றில் யார் பெயர் இருந்தது என்று பாருங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத ஆண்டுகளுக்கு நேரில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். வில்லங்கத்தில் பதிவான பத்திரம்தான் வரும். வாய்ப்பேச்சுப் பாகம், பதியாத கைச்சீட்டு எதுவும் வராது. இன்னொன்று: தீர்வை ரசீது கையில் இருப்பது உரிமை அல்ல, கட்டினார் என்பதற்கு மட்டுமே சாட்சி. குத்தகைக்காரரும் மணியக்காரரும் கட்டிய ரசீதுகள் வீட்டுப் பெட்டியில் கிடப்பது சகஜம்.

மாவட்டத்தின் பொது நிலவரம் தெரிய நிக்கல்சன் தொகுத்த 1887-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உதவும். தனி ஆளின் நிலத்துக்கு அவற்றைத் தோண்டுவது வீண் வேலை.

உச்சவரம்புல எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது தீர்வையை வைத்துக் கணக்கிடுவது. மானாவாரிக் காடாக இருந்தால் நிஜப் பரப்பு அதைவிடக் கூடும். நகரப் பகுதிக்குத் தனியாக 1978-ல் நகர நில உச்சவரம்பு வந்து 1999-ல் நீக்கப்பட்டது. பெரிய குடும்பங்கள் சட்டம் வருமுன்னே பாகம் பிரித்தன, அறக்கட்டளைக்கு எழுதின, விற்றன. ஆக ‘பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று சொல்லப்படும் நிலம் பல நேரம் வீட்டுப் பெரியவரே கையெழுத்துப் போட்டு விற்றதாக இருக்கும். போன கேள்வியில் சொன்ன வில்லங்கத் தேடலில் அது தெரிந்துவிடும்.

ஒரே மில்லுக்கு மூணு வருஷம் போட்டிருக்காங்க. எதை நம்பறது?

மூன்றும் சரியாக இருக்கலாம். கம்பெனி பதிவான ஆண்டு ஒன்று, கட்டடத்துக்குக் கால்கோள் நட்டது ஒன்று, நூல் நூற்கும் கதிர் ஓடத் தொடங்கியது ஒன்று. விழா மலர்களில் எது பழையதோ அதையே போடுவார்கள். அரவை ஆலையாக இருந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கு சொல்கிறவர்களும் உண்டு. நீங்கள் எழுதும்போது எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். கம்பெனிப் பதிவு ஆண்டைப் பதிவாளர் ஆவணத்தில் சரிபார்க்க முடியும். மற்ற இரண்டுக்கும் அன்றைய பத்திரிகைச் செய்தி கிடைத்தால் அதிர்ஷ்டம்.